பேச விடு! பிறகு பதில் சொல்!

"வாயை மூடு!" என்று ஒருவன் கத்துகிறான் என்றால், அவன் கைச்சரக்கு தீர்ந்துவிட்டது என்று பொருள். சரக்குள்ள வியாபாரி தன் கடையைத் திறந்து வைப்பான். அடுத்தவன் கடைக்குப் பூட்டு மாட்டச் சொல்லமாட்டான். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் விடியுமுன் மூட்டை இறக்கும் தோழனுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. நல்ல தக்காளியும் சொத்தைத் தக்காளியும் எதிரெதிரே குவிந்து கிடக்கும். வாங்குகிறவன் கையிலெடுப்பான், புரட்டிப் பார்ப்பான், பிறகுதான் பையிலே போடுவான். கருத்துக்கும் அதே நீதிதான் வேண்டும் என்கிறோம்.

ஆனால், படித்தவர் நிறைந்த இடமென்று பெயரெடுத்த பல்கலைக்கழகங்களில், அதிலும் பாதிரிமார் நடத்தும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில், இந்தச் சந்தை நீதிகூடப் பல நேரம் செல்லுபடியாவதில்லை. ஒரு கூட்டம், "கருவிலுள்ள உயிரைக் கொல்லாதே!" என்று அட்டை பிடிக்கிறது. இன்னொரு கூட்டம், "என் உடலுக்கு நானே சொந்தக்காரி!" என்று பதில் முழக்கமிடுகிறது. நடுவிலே நிர்வாகம்! ஒரு நாள் இந்த வாயை அடைக்கிறது. மறு நாள் அந்த வாயை அடைக்கிறது. அடைப்பதற்குக் கையில் எப்போதும் ஒரு துணிப்பந்து தயாராக வைத்திருக்கிறது.

"எங்கோ அமெரிக்காவில் நடக்கும் அமளிக்கும், கீழப்பாவூரில் சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றும் என் மனைவிக்கும் என்னய்யா தொடர்பு?" என்று கேட்கத் தோன்றும். தொடர்பு உண்டு, தோழா! முழுவதும் கேள். முடிவில் நீயே எடுத்துச் சொல்வாய்.

* * *

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் நோட்டர் டேம் என்றொரு பல்கலைக்கழகம். 1842-இல் புனித சிலுவைச் சபைப் பாதிரிமார் தோற்றுவித்தது. 2009-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் அங்கே பட்டமளிப்பு விழா. உரையாற்ற வந்தவர் குடியரசுத் தலைவர் ஒபாமா. அந்த நாட்டில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் கருப்பினத்தவர். கருக்கலைப்பு பற்றிய முடிவு பெண்ணுடையது என்பது அவர் கொள்கை. அது பெரும் பாவம் என்பது திருச்சபையின் கொள்கை. அவ்வளவுதான், மூண்டது போர்!

அவ்வட்டார ஆயர் விழாவுக்கு வர மறுத்தார். உயர்ந்த பதக்கம் பெற இருந்த சட்டப் பேராசிரியை ஒருவர், பதக்கமே வேண்டாம் என்று ஒதுங்கினார். எதிர்ப்பாளர்கள் படங்களும் சிலுவைகளும் ஏந்தி வளாகத்துக்குள் நடந்தார்கள். அத்துமீறி நுழைந்ததாக 88 பேர் மீது வழக்குப் பாய்ந்தது. வயது முதிர்ந்த பாதிரியார் ஒருவரும் அந்நாட்களில் கைதானார். இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1973-இல் ஏற்றது 'ரோ' வழக்கில். 'ரோ' என்ற புனைபெயரில் அந்த வழக்கைத் தொடுத்தவர் நார்மா மெக்கார்வி. அந்த அம்மையாரே பிற்காலத்தில் எதிரணிக்குப் போய், நோட்டர் டேமில் கைதானவர்களில் ஒருவராக நின்றார்!

கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், அங்கே கத்தோலிக்கக் கோட்பாட்டைச் சொன்னவர்கள் கைது, கைதுக்கு வழி செய்தது கத்தோலிக்கப் பாதிரியார் தலைமை தாங்கும் நிர்வாகம்! நிர்வாகமும் ஒரு நியாயம் சொல்லாமல் இல்லை. மாணவர்கள் அனுமதி பெற்று வளாகத்துக்குள்ளேயே செபக் கூட்டம் நடத்தினார்கள், அவர்களை யாரும் தொடவில்லை, வெளியார் அத்துமீறியதுதான் குற்றம் என்றார்கள். "ஆதரவு அட்டை பிடித்தவனை விட்டுவிட்டு எங்களை மட்டும் பிடித்தது ஏன்?" என்று கைதானவர்கள் தரப்பு திருப்பிக் கேட்டது. வழக்கு ஈராண்டு இழுத்தது. 2011-இல் கைவிடப்பட்டது.

ஏழாண்டு தள்ளி, சிகாகோ நகருக்கு வருவோம். அமெரிக்காவின் மிகப் பெரிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் டிபால். 2016-இல் அங்கே ஒரு மாணவர் குழு, "பிறவாத உயிர்களும் உயிர்களே" என்ற பொருளில் ஒரு சுவரொட்டி ஒட்ட அனுமதி கேட்டது. பாதிரியாரான பல்கலைக்கழகத் தலைவர் மறுத்துவிட்டார். போலீசின் குண்டுக்குப் பலியாகும் கருப்பின மக்கள், "எங்கள் உயிரும் உயிரே" என்று எழுப்பிய முழக்கத்தைச் சீண்டுகிறது இந்தச் சுவரொட்டி என்றார். கருத்துரிமை என்ற போர்வைக்குள் வெறுப்பு நுழைவதை ஏற்க முடியாது என்றார்.

நமக்கும் அந்தச் சுவரொட்டி பிடிக்கவில்லைதான். நெஞ்சிலே குண்டு பாய்ந்தவன் கதறிய கதறலை எடுத்து, வேறொரு வழக்குக்கு மேற்கோளாக்குவது நாகரிகமல்ல. ஆனால், பிடிக்கவில்லை என்பது பதில் எழுதுவதற்குக் காரணமாகலாம்; பசையைப் பிடுங்குவதற்குக் காரணமாகுமா?

தலைநகர் வாஷிங்டனில் சேசு சபையார் 1789-இல் தொடங்கிய ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கதை தலைகீழ். கருக்கலைப்பு உரிமை வேண்டும் என்னும் மாணவர் குழுவுக்கு அங்கீகாரமும் இல்லை, நிதியும் இல்லை. 2014-இல் வாயிலருகே மேசை போட்டு நின்ற அவர்களை வளாகக் காவலர் அப்புறப்படுத்தினர். அதே ஜார்ஜ்டவுன் ஈராண்டில் வேறொன்றும் செய்து காட்டியது. கருக்கலைப்பு மருத்துவமனைகள் நடத்தும் அமைப்பின் தலைவி செசில் ரிச்சர்ட்சை 2016-இல் மாணவர்கள் பேச அழைத்தார்கள். மறைமாவட்டம் கண்டித்தது. பல்கலைக்கழகம் கூட்டத்தை ரத்து செய்யவில்லை. உள்ளே அவர் பேசினார். எதிர்ப்பாளர்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். வானம் இடிந்து விழுந்ததா? இல்லை. பல்கலைக்கழகம் மறுநாளும் திறந்தது. மாணவர்கள் இரு தரப்பையும் எடை போட்டார்கள்.

மூன்று இடம், நான்கு நிகழ்ச்சி. தடை போட்ட இடமெல்லாம் தகராறு. தடை போடாத ஒரே இடத்தில்தான் விவாதம்!

* * *

"இவ்வளவு தாராளமாகப் பேசுகிறீர்களே, அவர்கள் கையில் அதிகாரம் இருந்தபோது உங்களைப் பேச விட்டார்களா?" என்று தோழர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. விடவில்லை என்பதுதான் உண்மை. அதற்குச் சான்று அயர்லாந்து.

அந்த நாட்டில் 1983-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள், கருவிலிருப்பதற்கும் தாய்க்கும் சமமான உயிருரிமை என்று. கருக்கலைப்புத்தான் தடை என்று நினைக்காதீர்கள். எங்கே செய்துகொள்ளலாம் என்று முகவரி சொல்வதும் தடை! 1989-இல் டப்ளின் மாணவர் சங்கங்கள், இங்கிலாந்திலுள்ள மருத்துவமனைகளின் முகவரியை மாணவர் கையேட்டில் அச்சிட்டன. பிறவாக் குழந்தைகளைக் காக்கும் சங்கம் என்ற அமைப்பு வழக்குப் போட்டது. மாணவர் தலைவர்கள் சிறை வாயிலில் நின்றார்கள். அவர்களில் ஒரு சாரார் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்கள். 1854-இல் நியூமன் பாதிரியாரைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் வாரிசு அது. மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் மேரி ராபின்சன். மறு ஆண்டு, 1990-இல், அயர்லாந்து மக்கள் அவரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்! 1992-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, தகவல் சொல்லும் உரிமையைச் சட்டமாக்கினார்கள்.

முகவரி சொல்லலாம் என்றாயிற்று. உயிர் காக்கும் சட்டம் வரவில்லை. வாய் திறக்க மூன்றாண்டு பிடித்தது. கண் திறக்க இன்னும் இருபத்தாறு ஆண்டு பிடித்தது. இடையிலே பலியானவர் யார் தெரியுமா? நம் பக்கத்து மாநிலத்துப் பெண். கர்நாடகத்தின் பெலகாவியிலிருந்து போன பல் மருத்துவர் சவிதா ஹாலப்பனவர். 31 வயது. 2012 அக்டோபரில் பதினேழு வாரக் கரு கலையத் தொடங்கிய நிலையில் கால்வே நகர மருத்துவமனையில் சேர்ந்தார். பிழைக்காது என்று தெரிந்த கருவை அகற்றிவிடுங்கள் என்று கேட்டார். இதயத் துடிப்பு இருக்கிறது, முடியாது என்றார்கள். இது கத்தோலிக்க நாடு என்று மருத்துவச்சி ஒருவர் அவரிடம் சொன்னது, பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்தது. குருதியில் நஞ்சேறி அக்டோபர் 28-ஆம் நாள் சவிதா மாண்டார். அந்தச் சாவு அயர்லாந்தை உலுக்கியது. 2018 மே 25-ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 66 பேர், அந்த 1983-ஆம் ஆண்டு விதியைத் தூக்கி எறியுங்கள் என்று வாக்களித்தார்கள்.

இதிலிருந்து கற்கும் பாடமென்ன? "நேற்று நீ என் வாயைக் கட்டினாய், இன்று நான் உன் வாயைக் கட்டுவேன்" என்பதா? அல்ல, அல்ல! வாய்ப்பூட்டு யார் கையில் இருந்தாலும் அது பிணம் விழும் வரை கழலாது என்பதே பாடம். அயர்லாந்து மக்கள் வென்றது எதிரியின் வாயைக் கட்டி அல்ல. வீடு வீடாகப் போய்ப் பேசி வென்றார்கள். எதிரணியும் அதே தெருவில் பேசியது. பேசித் தோற்றது. அந்தத் தோல்விதான் நிலைக்கும் தோல்வி.

* * *

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

வெள்ளையன் 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டத்தில் கருவைக் கலைப்பது குற்றம். நாடு விடுதலை பெற்று இருபத்து நான்கு ஆண்டு கழித்து, 1971 ஆகஸ்ட் 10-இல் கருக்கலைப்புச் சட்டம் பிறந்தது. 1972 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நன்றாகக் கவனிக்க வேண்டும்: அது குற்றத்தை ஒழித்த சட்டமல்ல, குற்றத்துக்கு விலக்குக் கொடுத்த சட்டம். 2024 சூலை முதல் நாள் தண்டனைச் சட்டத்தின் பெயரையே மாற்றினார்கள். பழைய குற்றம் மட்டும் மாறவில்லை. 312-ஆம் பிரிவாக இருந்தது 88-ஆம் பிரிவாக இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. விலக்கு மட்டும் 2021-இல் விரிந்தது. 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்துப் போதும். குறிப்பிட்ட நிலையிலுள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை, இரு மருத்துவர் கருத்தோடு. திருமணமாகாத பெண்ணுக்கும் அந்த 24 வாரம் உண்டு என்று 2022 செப்டம்பர் 29-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

திருச்சபைக்கு இது உடன்பாடில்லை. கருத்தடை மாத்திரையே கூடாது என்று 1968-இல் போப் ஆறாம் பவுல் ஆணையிட்ட சபையல்லவா அது! சட்டத்தின் ஐம்பதாவது ஆண்டான 2021-இல் ஆகஸ்ட் 10-ஐத் துக்க நாளாகக் கொண்டாடினார்கள். 2022-இல் அதே நாளில் டெல்லியில் உயிர் காக்கும் பேரணி நடத்தினார்கள். அடுத்த ஆண்டு கேரளத்தில் திருச்சூரில் நடத்தினார்கள்.

நடக்கட்டும் என்கிறோம்! பாளையங்கோட்டையில் 1923 முதல் சேசு சபையார் நடத்தும் கல்லூரி இருக்கிறது, அந்த வளாகத்தில் நாளை ஒரு மாணவன் இதே அட்டையைப் பிடித்து நின்றாலும், நிற்கட்டும் என்கிறோம். அவனை மிரட்டாதே, அட்டையைக் கிழிக்காதே, அவன் மதத்தை இழிக்காதே என்று நம் இளைஞர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறோம்.

அவன் பேச்சிலும் நாம் கேட்க வேண்டியது உண்டு. பெண் என்று தெரிந்ததும் கருவிலேயே தீர்த்துவிடும் கொடுமை இந்த நாட்டில் நடந்தது. அதைத் தடுக்க 1994-இல் தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. பிறந்த பெண் குழந்தைக்கு நெல்லும் கள்ளிப்பாலும் கொடுத்த கொடுமையை உசிலம்பட்டி வட்டாரத்தில் உலகமே பார்த்தது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்தது. "உயிருக்கு விலையில்லையா?" என்று ஒருவன் கேட்கும்போது, இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு நாம் காதைப் பொத்திக்கொள்ள முடியுமா?

கேட்போம். கேட்டுவிட்டுப் பதிலும் சொல்வோம். அந்தப் பதில் நமக்குப் புதியதல்ல. 1930-லேயே 'குடி அரசு' ஏட்டில் பெரியார் எழுதினார். கருத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொன்ன காரணங்கள் வேறு: தாயின் உடல்நலம், குடும்பத்தின் வறுமை, நாட்டின் பொருளாதாரம். அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: பெண்ணின் விடுதலை. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவளிடம் இல்லாத வரை, அவள் பெற்ற எந்த உரிமையும் உரிமையாகாது என்பது அந்த வாதத்தின் சாரம். தொண்ணூறு ஆண்டுக்கு மேலாயிற்று. அந்தப் பதிலை எதிர்கொள்ளும் வாதத்தை நாமும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். வரட்டும், வந்து மேடையில் வைக்கட்டும்!

* * *

இப்போது பாதிரிமார் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை.

ஐயன்மீர்! வாயைக் கட்டும் வேலையில் நீங்கள் எப்போதும் கட்டுகிற பக்கத்தில்தான் நிற்பீர்கள் என்ற எண்ணம் இருந்ததானால், அது 2019 சனவரியிலேயே கலைந்திருக்க வேண்டும். சென்னை லயோலா கல்லூரியில் வீதி விருது விழா. பறையடிப்பவனையும் கூத்தாடுபவனையும் மேடையேற்றிப் போற்றும் விழா. அங்கே வைத்த ஓவியங்களில் சில, மத்திய ஆட்சியையும் இந்துத்துவ அரசியலையும் சாடின. பாரதிய ஜனதாக் கட்சியார் கொதித்தெழுந்தார்கள். புகார், கண்டனம், மிரட்டல்! 1925-இல் தொடங்கி, ஆயிரமாயிரம் பேருக்கு அறிவூட்டிய கல்லூரி, மன்னிப்புக் கேட்டது. ஓவியங்களை அகற்றிவிட்டோம் என்று அறிவித்தது.

2025 ஆகஸ்டில் பம்பாய் புனித சேவியர் கல்லூரி. 1869-இல் பிறந்த கல்லூரி. ஸ்டேன் சுவாமி நினைவுச் சொற்பொழிவு நடக்க இருந்தது. யார் அந்த ஸ்டேன் சுவாமி? திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த தமிழர். சார்க்கண்ட் காடுகளில் பழங்குடி மக்களுக்காக வாழ்ந்த சேசு சபைப் பாதிரியார். 2020 அக்டோபரில் கைதாகி, நடுங்கும் கைக்கு உறிஞ்சுகுழல் வைத்த குவளை கேட்டு நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டிய நிலைக்கு ஆளாகி, 2021 சூலை 5-ஆம் நாள் காவலிலேயே கண்மூடியவர். பிழைப்புத் தேடி இடம்பெயரும் ஏழைகளைப் பற்றிய அந்தச் சொற்பொழிவு நடக்கக்கூடாது என்றது அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத். கல்லூரி ரத்து செய்தது!

தங்கள் சபையைச் சேர்ந்த ஒரு தியாகியின் பெயரால், தங்கள் வளாகத்தில், தங்கள் பாதிரியார் ஒருவர் பேசவிருந்த பேச்சு! அதைக்கூட நடத்த முடியவில்லை. எதிர்த்து நில்லுங்கள் என்று அன்று உங்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் யார்? கருக்கலைப்பு விவகாரத்தில் உங்களோடு உடன்படாத பகுத்தறிவாளரும் பொதுவுடைமையாளரும் பெண்ணுரிமை பேசுவோரும் அல்லவா? உங்களுக்காக அவர்கள் காட்டிய நீதியை, உங்கள் வளாகத்தில் அவர்களுக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம். சலுகை கேட்கவில்லை, திருப்பிக் கொடுக்கச் சொல்கிறோம்.

நம் பக்கம் திரும்பியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1933-இல் 'குடி அரசு' தலையங்கத்துக்காகப் பெரியாரையும், ஏட்டின் வெளியீட்டாளரான அவர் தங்கை கண்ணம்மாளையும் கைது செய்தார்கள். 1950-இல் 'ஆரிய மாயை' எழுதியதற்காக அண்ணாவுக்கு அபராதம். கட்ட மறுத்துச் சிறை. 2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் பெயரில்லாத ஒரு புகாரைக் காரணம் காட்டி அம்பேத்கர்–பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தைப் பறித்தார்கள். நாடே கிளர்ந்ததும் சூன் மாதத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். இவையெல்லாம் நமக்கு மனப்பாடம். மேடைதோறும் சொல்கிறோம்.

ஆனால், 1989-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்றொரு தமிழ்ப்படம். இட ஒதுக்கீட்டைத் தாக்கும் படம். நமக்கு வேப்பங்காய். திரையிட்டால் கலவரம் வரும் என்று தடைக்கு வாதாடினார்கள். உச்சநீதிமன்றம் என்ன சொன்னது? ஆர்ப்பாட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்குப் பணிந்து பேச்சுரிமையை அடக்க முடியாது; காப்பாற்றுவது அரசின் கடமை என்றது. அன்று கசந்த அந்தத் தீர்ப்புத்தான் இன்று லயோலா ஓவியனுக்கும், சேவியர் கல்லூரிச் சொற்பொழிவாளனுக்கும், நமக்கும் கேடயம். கசப்பு மருந்தை எதிரிக்கு மட்டும் ஊற்றி நோய் தீராது, தோழர்களே!

* * *

"எங்கள் நிலம், எங்கள் கல்லூரி, எங்கள் நம்பிக்கை. எங்கள் விருப்பம்!" என்று நிர்வாகம் சொல்லலாம். பாதி சரி. சிறுபான்மையினர் கல்வி நிலையம் நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தருகிறது. அதை யாராவது பறிக்க வந்தால் முன்வரிசையில் நாமும் நிற்போம். கருக்கலைப்பு தவறு என்று கல்லூரி தன் மேடையில் சொல்லட்டும், தன் கோவிலில் செபிக்கட்டும். ஆனால், உதவி பெறும் கல்லூரியில் ஆசிரியர் சம்பளம் யார் பணம்? மூட்டை இறக்கும் தோழனின் வரிப்பணமும் அதில் இருக்கிறது. வகுப்பிலே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லா மதத்துப் பிள்ளைகள், மதமே வேண்டாம் என்னும் பிள்ளைகள். அவர்களிடம் கட்டணம் வாங்கலாம், கருத்து மட்டும் வாங்கமாட்டோம் என்பது என்ன நியாயம்?

எல்லையே வேண்டாமா? வேண்டும். அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பேசலாம், பேசுகிறவனை மறிக்கக்கூடாது. அட்டை பிடிக்கலாம், மருத்துவமனை வாசலில் வந்து நிற்கும் பெண்ணின் வழியை அடைத்துப் படம் காட்டி அழவைக்கக்கூடாது. எதிர்த்து எழுதலாம்; இன்ன மாணவி இன்ன இடத்துக்குப் போனாள் என்று பெயர் எழுதக்கூடாது. சொல்லுக்குச் சொல்; சொல்லுக்குக் கல் அல்ல. இந்த நாலு வரியை எந்தக் கல்லூரி வாயிலில் எழுதி வைத்தாலும், காவலர் கம்பு வேலையற்றுச் சுவரில் சாய்ந்து கிடக்கும்.

* * *

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருகிறோம். பீடி சுற்றும் பெண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பாவூர்சத்திரத்திலிருந்து ஆலங்குளம் வரை, கீழப்பாவூரிலிருந்து தென்காசி வரை, திண்ணை தோறும் நடப்பதை நாம் பார்க்கிறோம். கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, வெட்டி, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்கள். நாளெல்லாம் குனிந்த முதுகு, நாளெல்லாம் புகையிலைத் தூள். பீடித் தொழிலாளருக்கு 1966-இல் தனிச்சட்டம் வந்தது, 1976-இல் நல நிதிச்சட்டம் வந்தது. அட்டை வந்தது, இருமல் போகவில்லை. அந்த உழைப்பில்தான் மகள் கல்லூரிக்குப் போகிறாள். பல வீடுகளில் அது பாதிரிமாரும் கன்னியாஸ்திரீகளும் நடத்தும் கல்லூரி. கட்டுப்பாடு உண்டு, படிப்பு உண்டு என்று நம்பி அனுப்புகிறாள் தாய். அந்த நம்பிக்கையை நாம் மதிக்கிறோம்.

அந்தத் தாய்க்கே நாலாவது முறை நாள் தள்ளிப்போனால் என்ன செய்கிறாள்? மாமியாரிடம் சொல்ல அச்சம். கணவனிடம் சொல்லக் கூச்சம். அவன் கையெழுத்து இல்லாமல் டாக்டர் பார்க்கமாட்டார் என்று யாரோ சொன்னதை நம்புகிறாள். போலீஸ் வரும் என்று நடுங்குகிறாள். கடைசியில் மருந்துக் கடையில் பெயர் தெரியாத மாத்திரை, அல்லது கைவைத்தியம். குருதி நிற்கவில்லை என்றால் ஆட்டோவில் தென்காசிக்கு ஓட்டம்.

உண்மை என்ன? பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். கணவன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. அரசு மருத்துவமனையிலோ, அனுமதி பெற்ற மருத்துவமனையிலோ, தகுதி பெற்ற மருத்துவர் செய்ய வேண்டும். அவள் பெயரை வெளியிடுவது மருத்துவருக்குக் குற்றம். கருத்தடை தவறிப்போய்த் தங்கிய கரு என்றால், மணமானவளா இல்லையா என்ற கேள்விகூட 2021-க்குப் பிறகு இல்லை. இத்தனையும் ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய செய்தி. அந்த ஐந்து நிமிடம் அவள் காதில் விழாததற்குக் காரணம் யார்? வீட்டில் பேசாதே, பள்ளியில் பேசாதே, கல்லூரியில் பேசாதே என்று அடுக்கடுக்காய்ப் போட்ட பூட்டு!

கல்லூரியிலே ஒரு மாணவன் "கருவைக் கொல்லாதே" என்று அட்டை பிடித்து நிற்கட்டும். எதிரே ஒரு மாணவி "சட்டம் இதைச் சொல்கிறது, பெண்ணுக்கு இந்த உரிமை உண்டு" என்று துண்டறிக்கை கொடுக்கட்டும். இருவரையும் கேட்ட பீடித் தொழிலாளியின் மகள், மாலையில் பாவூர்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போய், சொளவருகே உட்கார்ந்து, "அம்மா, இன்றைக்குக் கல்லூரியில் ஒரு சண்டை நடந்தது" என்று தொடங்குவாள். அந்தப் பேச்சு ஒரு தாயின் உயிரைக் காக்கலாம். அல்லது, பெண் கரு என்று கலைக்கக் கிளம்பிய ஒருத்தியைத் தடுத்து நிறுத்தலாம். அட்டைக்காரன் வாயை மட்டும் அடைத்தால் இரண்டாவது போகும். துண்டறிக்கைக்காரி வாயை மட்டும் அடைத்தால் முதலாவது போகும். இருவர் வாயையும் அடைத்தால் இரண்டும் போகும். இதுதான், தோழா, உனக்கும் அந்த வளாகத்துக்கும் உள்ள தொடர்பு!

"நான் சொன்னேன் என்று நம்பாதே, உன் அறிவுக்கு எட்டினால் ஏற்றுக்கொள்" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கி, முடிவில் எதிர்க்கேள்விச் சீட்டுகளைக் கூப்பிட்டு வாங்கிப் பதில் சொன்ன கிழவரின் வழி வந்தவர்கள் நாம். கேள்விச் சீட்டுக்கு அஞ்சாத மேடை அது. அந்த மேடையைப் பாதிரியார் கல்லூரியிலும் போடுங்கள், நம் படிப்பகத்திலும் போடுங்கள். எதிர்ப்பவனுக்கும் ஒரு நாற்காலி, ஒலிபெருக்கி, சமமான நேரம்!

பேச விடு. பொறுத்துக் கேள். பிறகு பதில் சொல். பதில் இருப்பவனுக்கு இதில் அச்சமில்லை. நம்மிடம் பதில் இருக்கிறது.